பழைய சபைகளில் மறுபடி உயிர் வருமா? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கன், தென்னிந்திய திருச்சபையார் என்று எல்லாரும் சேர்ந்து வேதம் வாசிக்கிற இடங்களில் கொஞ்ச நேரத்தில் கதை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். எங்கள் சபைகளில் இனி உண்மையான மறுமலர்ச்சி வருமா? அல்லது இவை கட்டடமும் யாப்பு என்ற சட்டதிட்டமும் காணியுமாகவே இருந்துவிடுமா? அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நான் இந்தச் சபைகளுக்குள் வளர்ந்தவன், இன்றும் உள்ளேதான் இருக்கிறேன். மறுமலர்ச்சி வரும் என்றே நம்புகிறேன். அது எந்த வழியால் வரும் என்பதற்கு இந்த மண்ணின் வரலாறே போதிய சாட்சி வைத்திருக்கிறது.

மறுமலர்ச்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? ஆலயம் நிரம்பினால் அது மறுமலர்ச்சி இல்லையா?

திருவிழாவுக்கும் நத்தாருக்கும் ஆலயம் இப்போதும் நிரம்பத்தான் செய்கிறது. எழுப்புதல் கூட்டம் என்று பந்தல் போட்டால் கதிரை போதாமல் போகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எல்லை வேலிக்காக வருடக்கணக்கில் வழக்காடிய அண்ணனும் தம்பியும் கதைக்கத் தொடங்கினார்களா? மகனுக்குச் சீதனம் பேசிக்கொண்டிருந்த மூப்பர் அதை விட்டாரா? குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவன் நிறுத்தினானா? கடவுள் ஒரு சபைக்குள் வந்து போனதற்கான தடயம் பாட்டுச் சத்தத்தில் தெரிவதைவிட இந்த இடங்களில்தான் தெரியும். லூக்கா நற்செய்தியில் சக்கேயு இயேசுவைத் தன் வீட்டுக்குள் ஏற்றவுடன் செய்தது, ஏமாற்றி வாங்கிய காசை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழும்பி நின்றதுதான்.

நிறுவனமாகிப்போன ஒன்றுக்குள் மறுபடி உயிர் வருமா? புதிதாகத் தொடங்குவதுதானே சுலபம்?

இன்று நாங்கள் பழைய சபைகள், நிறுவனங்கள் என்று சொல்கிறவை எல்லாமே ஒரு காலத்தில் எழுப்புதலின் பிள்ளைகள். 1814இல் வெஸ்லியன் மிஷனரிமார் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களை அனுப்பியது ஜோன் வெஸ்லி தொடக்கிய இயக்கம். அந்த வெஸ்லி 1791இல் சாகும்வரை இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகவே இருந்தார். 1816இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையம் அமைத்த அமெரிக்கர்கள், தங்கள் நாட்டில் வீசிய பெரிய எழுப்புதலில் மனம் மாறிய இளைஞர்கள். நல்லூருக்கும் சுண்டுக்குளிக்கும் வந்த சர்ச் மிஷனரி சங்கத்தாரும் அப்படிப்பட்ட ஒரு விழிப்பின் பலன்தான்.

கத்தோலிக்கப் பக்கமும் இதே கதைதான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு சிதறிக் கிடந்த திருச்சபையைப் பார்த்து, தென்பிரான்சின் ஏழைகளுக்கு அவர்களுடைய நாட்டுப்புறப் பேச்சிலேயே போதிக்கவேண்டும் என்று யூஜின் டி மசனட் என்ற இளம் குரு சிலரைச் சேர்த்துக்கொண்டார். அதுவும் 1816இல்தான். அந்தக் குழு அமலமரித் தியாகிகள் சபையாக வளர்ந்து 1847இல் இலங்கைக்கு வந்தது. யாழ்ப்பாண மறைமாவட்டத்தைக் கட்டி எழுப்பியவர்கள் அவர்கள்.

ஆகவே "நிறுவனமா, எழுப்புதலா" என்று கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எழுப்புதல் ஒவ்வொன்றும் இரண்டு தலைமுறைக்குள் பதிவேடு, யாப்பு, காணி உறுதி என்று ஏதோ ஒரு நிறுவனத்தைப் பெற்றுக்கொள்கிறது. இன்று தகரக் கொட்டிலில் கூடுகிற புதிய சபைக்கும் நாளைக்கு அதே கதைதான். புதிதாகத் தொடங்கினால் இந்தக் கேள்வியை உங்கள் பிள்ளைகளுக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு நல்ல உதாரணம் எது?

ஒல்லாந்தர் காலம். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயர் கட்டிய ஆலயங்களை எடுத்துத் தங்கள் சீர்திருத்த சபைக்கு ஆக்கினார்கள். கத்தோலிக்கக் குருமார் நாட்டுக்குள் இருக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். அரசாங்கத்தில் உத்தியோகம் வேண்டுமா, திருமணம் பதிவாகவேண்டுமா, ஞானஸ்நானம் எடுக்கவேண்டும். கிராமத்துக்குக் கிராமம் பாடசாலை, அங்கே தோம்பு என்ற பதிவேடு, வராத பிள்ளைக்குத் தண்டம். அந்த நாட்களில் இங்கே போதகராக இருந்த பல்தேயுஸ் தம்முடைய கணக்கில் யாழ்ப்பாணத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்களைக் காட்டினார். அந்தக் காலத்து மக்கள்தொகைக்கு அது மிகப் பெரிய தொகை.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கட்டாயம் போனது. அந்தத் தமிழ்ச் சீர்திருத்த சபையும் சில வருடங்களில் கரைந்தே போனது. மக்கள் சைவத்துக்குப் போனார்கள், அல்லது மறைவாக இருந்த கத்தோலிக்கத்தை வெளியே காட்டிக்கொண்டார்கள். 1816இல் அமெரிக்கர்கள் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்களுக்குக் கிடைத்தவை கூரையில்லாமல் இடிந்து கிடந்த பழைய ஆலயச் சுவர்கள்தான்.

அதே காலத்தில் கத்தோலிக்கர் எப்படி இருந்தார்கள் என்று பாருங்கள். குருவானவர் இல்லை, ஆலயம் இல்லை, திருப்பலி இல்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார். வந்ததும் கடும் நோயில் விழுந்தார். எழும்பியபின், யார் கத்தோலிக்கர் என்று கேட்கவும் முடியாத நிலையில், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு பிச்சைக்காரனாக வீடு வீடாகப் போனார். அந்தச் செபமாலையைப் பார்த்து எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் முதல் குடும்பங்களைக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலை என்ற ஊர் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. இரவில் திருப்பலி, விடியுமுன் அடுத்த ஊர். ஒவ்வொரு ஊரிலும் மூப்பர், அண்ணாவி என்று பொதுநிலையினரை நியமித்து, குரு இல்லாத நாட்களில் செபம் நடத்தவும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவும் ஒழுங்கு செய்தார். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் பாய்ந்து பிடித்தபோதும் அவர் தப்பினார். புத்தளம் வழியாகப் போய்க் கண்டியில் பணியைத் தொடர்ந்து, 1711இல் அங்கேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒரு சபைக்கு அரசும் பதிவேடும் பாடசாலையும் இருந்தன. மற்றச் சபைக்கு நோயில் இளைத்த ஒரு குருவும், தாங்களே செபம் சொல்லப் பழகிய சில மீனவர்களும் கமக்காரர்களும் இருந்தார்கள். எது நின்றது என்பதற்கு இன்றைய சில்லாலையே சாட்சி. ஆனால் வாஸ் அடிகள் நிறுவனத்துக்கு வெளியே நின்றவர் அல்லர். முறைப்படி அபிஷேகம் பெற்ற குரு, ஆயருக்குக் கீழ்ப்பட்டவர், கடிதம் எழுதி அனுமதி கேட்டவர். நிறுவனம் ஒரு நல்ல மனிதனை அனுப்பியது. அவர் அதன் பாதுகாப்பை விட்டுவிட்டு மக்களிடம் போனார்.

அமெரிக்க மிஷன் காலத்தில் பெரிய எழுப்புதல் நடந்ததாகச் சொல்வார்களே?

நடந்தது. 1824இல் தெல்லிப்பழை, உடுவில், வட்டுக்கோட்டை நிலையங்களில் விடுதிப் பிள்ளைகள் மத்தியில் ஒரு பெரிய அசைவு வந்தது. பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள், இரவில் வளவுக்குள் கூடிக் கூடி செபித்தார்கள். அதன் பலனாகச் சபைகளில் பலர் சேர்ந்தார்கள்.

அந்த நெருப்பு எவ்வளவு தூரம் போனது என்பதில் எனக்கு ஒரு கவலை உண்டு. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி மிகச் சிறந்த கல்வி கொடுத்தது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். ஆனால் படித்தவர்களில் பலர் நற்செய்தி சொல்லப் போகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று பார்த்து, 1855இல் மிஷனே அதை மூடிவிட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது தனிக் கதை. கல்வியைக் கொடுத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். கல்வியும் உத்தியோகமும் கிடைக்கும் வாசல் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தால், எத்தனை பேர் எந்த வாசலால் வந்தார்கள் என்று யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது. ஒல்லாந்தர் காலத்துச் சிக்கல் வேறு உடுப்பில் வந்து நின்றது.

அதே மிஷனில் டாக்டர் சாமுவேல் கிறீனும் இருந்தார். 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்தவர். மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, பாடநூல்களைத் தமிழாக்கி, 60க்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கினார். அவர்கள் தங்கள் உடையையும் உணவையும் பேச்சையும் விட்டு வெள்ளைக்காரராக மாறக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். அவர் பெயரைச் சொல்லும் வைத்தியசாலை இன்றும் மானிப்பாயில் உண்டு. அந்தக் காலத்தில் யாராவது கூட்டம் போட்டு "எழுப்புதல்" என்று இதை எண்ணியிருக்கமாட்டார்கள். நான் எண்ணுகிறேன்.

ஆறுமுக நாவலர் திருச்சபைக்கு எதிராகத்தானே நின்றார்? அவரை இதில் ஏன் இழுக்கவேண்டும்?

எதிராகத்தான் நின்றார். ஆனால் மெதடிஸ்த மிஷனில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த அனுபவத்தோடு வெளியே வந்து, பிரசங்கம், அச்சுக்கூடம், பாடசாலை என்று மிஷன் கையாண்ட அதே வழிகளால் சைவத்தை எழுப்பினார். சொந்த மொழியில் தெளிவாகப் பேசினால் சனம் கேட்கும் என்பதை அவர் எங்களுக்கும் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். வேதக்காரரான நாங்கள் அவரிடம் படிக்க வெட்கப்படத் தேவையில்லை.

சாதியைப் பற்றி ஏன் யாரும் கதைப்பதில்லை?

கதைத்தால் பங்கு உடைந்துவிடும் என்ற பயம்தான். நான் கதைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சியைத் தடுக்கிற மிகப் பெரிய கல் இதுதான் என்று நினைக்கிறேன்.

முற்காலத்தில் வாங்கில் யார் இருப்பது, பாயில் யார் இருப்பது என்று ஆலயத்துக்குள்ளேயே கோடு இருந்தது. வெளியில் தெரிகிற அந்தக் கோடு அழிந்துவிட்டது. ஆனால் ஒரே சபைக்குள், ஒரே திருவிருந்தில் பங்குபெறும் இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்யமாட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு ஆலயங்கள் இருக்கும், ஏன் இரண்டு என்று கேட்டால் பெரியவர்கள் வேறு கதையைத் தொடங்குவார்கள். திருவிழா உபயம், சுரூபக் கூடு தூக்கும் முறை, மூப்பர் தெரிவு எல்லாவற்றிலும் இது மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருக்கும். கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை வாசகர் ஞாயிறு காலையில் சத்தமாக வாசிக்கிறார். மத்தியானம் கலியாணத் தரகர் அதே வீட்டுக்கு வருகிறார்.

இதை உடைக்க முயன்றவர்கள் இங்கேயே இருந்தார்கள். 1920களில் ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்னின்ற யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருக்கவும் சேர்ந்து சாப்பிடவும் வேண்டும் என்று போராடியது. அதற்குத் துணிவு கொடுத்த சூழலில் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் பங்கு உண்டு. பிள்ளைகள் வாங்கில் சமமாக இருந்தார்கள். பெரியவர்கள் மனதில் அந்தச் சமத்துவம் இன்னும் முழுதாக வரவில்லை.

ஒரு சபையில் மறுமலர்ச்சி வந்ததா என்று என்னிடம் கேட்டால், முதலில் அந்தச் சபையின் கலியாணப் பதிவேட்டைத்தான் பார்ப்பேன்.

போர்க்காலத்தில் சபைகள் உயிரோடு இருந்தன. சமாதானம் வந்தபின் ஏன் சோர்ந்துபோயின?

போர்க்காலத்தை யாரும் அழகாகச் சொல்லக்கூடாது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. மழைக்குள், ஒரே தெருவில், செம்மணியைத் தாண்டித் தென்மராட்சிக்கும் அப்பாலும் நடந்தோம்.

அந்த நாட்களில் சபைகளுக்கு ஒளித்து வைக்க எதுவும் இருக்கவில்லை. ஆலய மண்டபத்தில் யாருடைய சாதி என்ன, எந்தச் சபை என்று பார்க்காமல் ஒரே கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினார்கள். போதகர் தானும் அகதியாக இருந்தார். காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய்மாரோடு முகாம் வாசலுக்குப் போன குருமாரும் அருட்சகோதரிகளும் இருந்தார்கள். திரும்பி வந்தபின் முதல் வேலை கட்டடங்களைத் திருத்துவது. அது தேவையாகத்தான் இருந்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் அன்போடு காசு அனுப்பினார்கள், கூரை வந்தது, மாபிள் வந்தது, கோபுரம் உயர்ந்தது. இப்போது பல சபைகளின் கூட்டங்களில் பேசப்படுவது முக்கால்வாசி கட்டடமும் கணக்கும் காணி வழக்கும்தான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் தெருவோரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருப்பதற்கு எந்தச் சபைக்கும் யாப்புத் திருத்தம் தேவையில்லை.

எங்கள் பிள்ளைகள் சுயாதீன சபைகளுக்குப் போகிறார்கள். அங்கேதான் உயிர் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை என்றே சொல்வேன். "அல்லேலூயாக்காரர்" என்று இளக்காரமாகப் பேசுவதை முதலில் நிறுத்தவேண்டும். மகன் போதைப்பொருளில் விழுந்துவிட்டான் என்று ஒரு தாய் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்தால் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறவர் பெரும்பாலும் அந்தச் சின்னச் சபைப் போதகர்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், தலையில் கைவைத்து செபிக்கிறார்கள், விதவைக்கும் சாட்சி சொல்ல இடம் கொடுக்கிறார்கள்.

அங்கே குறைந்திருப்பதும் உண்டு. பல இடங்களில் ஒரு போதகரும் அவர் குடும்பமும்தான் சபை. கணக்குக் கேட்க ஆள் இல்லை. நோய் மாறவில்லை என்றால் உன் விசுவாசம் போதாது என்று நோயாளியின் தலையிலேயே பழி விழும். அயல் சைவக் குடும்பங்களோடு தலைமுறையாக இருந்த உறவு முறிந்து, பொங்கலுக்குக் கொடுத்த பொங்கலைக்கூட வாங்காமல் திருப்பி அனுப்பிய வீடுகள் உண்டு. அந்தப் புண் ஆற நாள் எடுக்கும். பிள்ளை போனால் சண்டை பிடிக்கவேண்டாம். எதைத் தேடிப் போனான் என்று கேளுங்கள், அதை எங்கள் சபையில் யார் அவனுக்குக் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

கிட்டார், ட்ரம்ஸ், திரையில் பாட்டு என்று ஆராதனையை மாற்றினால் போதுமா?

இல்லை. விருப்பமென்றால் மாற்றுங்கள், கெடுதல் இல்லை.

மேலிடத்திலிருந்து, அதாவது ஆயரோ பேராயரோ முன்னின்று, மறுமலர்ச்சி வந்ததுண்டா?

உண்டு, அதுவும் இங்கேயே. 1926இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் மிஷன் நாடுகளிலும் ஆழ்நிலைத் தியான வாழ்வுச் சபைகள் வேண்டும் என்று எழுதினார். யாழ்ப்பாண ஆயர் கியோமார் அதை எடுத்து, தோமஸ் அடிகள் என்ற தமிழ்க் குருவிடம் ஒப்படைத்தார். அடிகள் உடல் பலவீனமானவர், பத்திரிசியார் கல்லூரியில் படிப்பித்தவர். 1928இல் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபை தொடங்கியது. எங்கள் நாட்டுத் துறவிகளைப்போல எளிய உணவு, இடைவிடாத செபம், தோட்ட வேலை. அந்தச் சபை பிறகு இந்தியாவுக்கும் பரவியது. போரில் தோலகட்டியை விட்டு இடம்பெயர்ந்தும் அது அழியவில்லை.

பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. இலத்தீனில் சொல்லப்பட்ட திருப்பலி தமிழுக்கு வந்தது. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடக்கிய திருமறைக் கலாமன்றம், பாசையூர், குருநகர் போன்ற கரையோர ஊர்களில் ஏற்கனவே உயிரோடிருந்த கூத்து மரபுக்கு இன்னொரு மேடை கொடுத்தது. போர் நடந்துகொண்டிருந்தபோதும் திருப்பாடுகளின் காட்சியை யாழ்ப்பாண மக்கள் இரவிரவாகப் பார்த்தார்கள்.

மேலிடம் உயிரைக் கொடுக்காது. ஒரு தோமஸ் அடிகளுக்கு இடம் கொடுக்கவும், பிறகு அவர் வழியில் நிற்காமல் இருக்கவும் அதனால் முடியும். அந்த இரண்டையும் செய்த ஆயரை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

சபைகள் ஒன்றாகாமல் மறுமலர்ச்சி வருமா?

1947இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனமாயின, அதாவது ஒரு பேராயரின் கீழுள்ள பிரிவாயின. சபாபதி குலேந்திரன் முதற் பேராயர். அடுத்த வருடம் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது ஆரம்ப ஆராதனையில் பேசியவர்களில் ஒருவர் எங்கள் மெதடிஸ்தப் போதகர் டி. ரி. நைல்ஸ். உலகத்துக்கு ஐக்கியம் போதித்த மண் இது. இலங்கைச் சபைகளின் ஐக்கியத் திட்டமோ நிறைவேறாமலே போனது, அதன்பின் எங்களுக்குள் புதிய பிரிவுகளும் வந்தன. அமைப்பு ரீதியாக ஒன்றாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரே ஊரில் இருக்கிற மூன்று சபையாரும் ஒரே மரண வீட்டில் சேர்ந்து செபிக்கிறார்கள்தானே, அதை மற்ற நாட்களுக்கும் கொண்டுவரலாம்.

எங்கள் பங்கில் எதிலிருந்து தொடங்கலாம்?

செலவில்லாத மூன்று காரியங்களைச் சொல்கிறேன். நாலைந்து வீட்டார் கிழமையில் ஒருநாள் கூடி ஒரு நற்செய்திப் பகுதியை வாசித்து, அந்தக் கிழமை அதன்படி என்ன செய்தோம் என்று அடுத்த கிழமை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். சாதி வேறான ஒரு வீட்டிலாவது அந்தக் கூட்டத்தை வைத்து அங்கே சாப்பிடுங்கள். சிலர் அதன்பின் வராமல் விடலாம். பரவாயில்லை, தொடருங்கள். அப்புறம், சபைக் கணக்கை எல்லாருக்கும் விளங்கும்படி ஆலய வாசலில் ஒட்டும்படி மரியாதையோடு கேளுங்கள். பணத்தைப் பற்றிய சந்தேகம் இருக்கும் இடத்தில் செபம் நெடுநாள் நிற்காது.

போதகரோ பங்குத்தந்தையோ சம்மதிக்காவிட்டால்? விலகிப்போவதா?

வீட்டில் வேதம் வாசிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் ஒளித்துச் செய்யவேண்டாம். போய்ச் சொல்லுங்கள், வரும்படி கூப்பிடுங்கள், வராவிட்டால் அடுத்த மாதமும் கூப்பிடுங்கள். பல குருமார் எதிர்ப்பதில்லை, களைத்துப்போயிருக்கிறார்கள். மூன்று ஆலயம், ஒரு பாடசாலை, முடிவில்லாத கூட்டங்கள், தனியே சாப்பிடும் இராச்சாப்பாடு. அவரையே ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, சபைக் கதை எதுவும் எடுக்காமல் சோறு கொடுத்து, அவருக்காக அவர் முன்னிலையில் செபியுங்கள். எத்தனை வருடமாக அவருக்காக யாரும் அப்படிச் செபிக்கவில்லை என்று அவரிடமிருந்தே கேட்பீர்கள்.

அநீதி நடக்கிறது என்றால், பிள்ளைகளின் பாதுகாப்போ சபைப் பணமோ சம்பந்தப்பட்டது என்றால், அது வேறு விடயம். அங்கே பொறுமை காப்பது பாவம். எழுத்தில் மேலிடத்துக்குக் கொடுங்கள், சட்டத்துக்குப் போகவேண்டுமானால் போங்கள். அதற்குப் பிறகும் அந்தச் சபையில் இருக்க முடிந்தால் இருங்கள். முடியாதவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று நாங்கள் யாரும் சொல்லக்கூடாது.